சீனா மீது டிரம்ப் போட்ட வரி: ஜனங்கள் என்னதான் சொன்னார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு வருடம் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேச்சில் 'டியூட்டி', அதாவது சுங்க வரி, என்று யாராவது சொன்னால் போதும், எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். கல்யாண வீட்டில், நடைப்பயிற்சியில், முடிதிருத்தும் கடையில் என்று எங்கே போனாலும் அமெரிக்க–சீன வரிச் சண்டையைப் பற்றிய அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் 2018 முதல் 2020 வரை நடந்த முதல் சுற்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். 2025 கடைசியில் கொஞ்சம் வரும்.

"சீனா மேல வரி போட்டா அந்தப் பணத்தை சீனாதானே கட்டும்? அப்புறம் அமெரிக்காக்காரன் ஏன் சார் கத்துறான்?"

இல்லை. இறக்குமதி செய்கிறவர்தான் கட்டுவார். சீனாவில் ஏற்றிய கன்டெய்னர் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கினால், அதை வரவழைத்த அமெரிக்கக் கம்பெனி அமெரிக்கச் சுங்கத்துறைக்குப் பணம் கட்டித்தான் சரக்கை வெளியே எடுக்க முடியும். நம் ஊரில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போட்டு டியூட்டி கட்டுகிற அதே கதைதான். என் சர்வீஸில் ஒரு வெளிநாட்டு ஏற்றுமதியாளர்கூட இங்கே வந்து டியூட்டி கட்டி நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு நெளிவு உண்டு. வரியைக் காட்டி, "நீ விலையைக் குறை, இல்லாவிட்டால் வியட்நாமில் வாங்கிக்கொள்கிறேன்" என்று இறக்குமதியாளர் பேரம் பேசலாம். சீனாக்காரர் இறங்கிவந்தால் சுமை அவர் தலைக்கும் கொஞ்சம் போகும். டிரம்ப் எதிர்பார்த்தது அதைத்தான். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் மேரி அமிட்டி, பிரின்ஸ்டனின் ஸ்டீஃபன் ரெட்டிங், கொலம்பியாவின் டேவிட் வைன்ஸ்டைன் மூவரும் 2018-ஆம் வருடக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். சீன ஏற்றுமதியாளர்கள் விலையைக் குறைக்கவே இல்லை, வரி ஏறக்குறைய முழுசும் அமெரிக்கா பக்கமே விழுந்தது என்று தெரிந்தது.

"அவருக்கு சீனா மேல அப்படி என்ன கோபம்?"

சட்டப்படி சொன்ன காரணம் திருட்டு. சீனாவில் தொழில் செய்ய வரும் அமெரிக்கக் கம்பெனிகளிடம் தொழில்நுட்பத்தைக் கட்டாயப்படுத்திப் பிடுங்குகிறார்கள், ரகசியங்களைத் திருடுகிறார்கள் என்று, 1974-ஆம் வருட வணிகச் சட்டத்தின் 301-ஆவது பிரிவின் கீழ் விசாரணை நடந்தது. நடத்தியவர் அமெரிக்க அரசின் வணிகப் பிரதிநிதி ராபர்ட் லைட்ஹைசர். அரசியல் காரணம் இன்னும் பழையது. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. அதற்குப் பிந்தைய பத்து வருடங்களில் வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்கள் மாதிரிப் பல ஊர்களில் ஆலைகள் மூடின. சீன இறக்குமதியால் போன வேலைகள் 20 லட்சத்துக்குக் குறையாது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு 301-ஆவது பிரிவெல்லாம் தெரியாது. தங்களுக்காகக் கடைசியில் ஒருவன் கையை ஓங்கினான் என்பது தெரிந்தது.

"எவ்வளவு வரி, எப்பப்போ போட்டாங்க? ஒரே குழப்பமா இருக்கு."

2018 ஜூலை 6: 3,400 கோடி டாலர் சரக்குக்கு 25 சதவீதம். ஆகஸ்டில் இன்னொரு 1,600 கோடி டாலர் சரக்குக்கு அதே 25. செப்டம்பர் 24-இல் 20,000 கோடி டாலர் சரக்குக்கு 10 சதவீதம். அந்தப் பத்தை 2019 மே மாதம் 25 ஆக்கினார்கள். 2019 செப்டம்பரில் இன்னும் 12,000 கோடி டாலர் சரக்குக்கு 15 சதவீதம் போட்டு, 2020 பிப்ரவரியில் அதைப் பாதியாக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் சீனாவும் திருப்பி அடித்தது. இதுபோக, இரும்பு, அலுமினியம் மீது எல்லா நாட்டுக்கும் போட்ட வரி ஒன்று உண்டு. அது தனிக் கதை, இங்கே வராது.

"அமெரிக்கா ஜனங்க எல்லாருமே எதிர்த்தாங்கன்னுதானே பேப்பர்ல வந்துச்சு?"

எல்லோரும் இல்லை. 2018 ஜூலையில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 49 சதவீதம் பேர் இந்த வரிகள் நாட்டுக்குக் கெடுதல் என்றார்கள், 40 சதவீதம் பேர் நல்லது என்றார்கள். கட்சி பிரித்துப் பார்த்தால் இரண்டு தனி நாடு மாதிரி இருந்தது. குடியரசுக் கட்சிக்காரர்களில் பெரும்பான்மையோர் நல்லது என்றார்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பெரும்பான்மையோர் கெட்டது என்றார்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. தலைவர்கள் மட்டத்தில் இந்தக் கணக்கு கலைந்துபோனது. வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்குத் தோள் கொடுக்கும் அமெரிக்க வணிகச் சபை எதிர்த்தது. டிரம்பைக் கண்டாலே ஆகாத செனட் ஜனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர், 2019 மே மாதம், சீனா விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று டிரம்புக்கே ட்விட்டரில் சொன்னார். சீனாவைக் கண்டிக்க வேண்டும் என்பதில் தொழிற்சங்கங்களுக்கும் மறுப்பு இல்லை. சண்டை போடுவதில் பலருக்குச் சம்மதம், போடுகிற விதத்தில்தான் தகராறு. 'ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா' என்று மொட்டையாகக் கேட்கும் கணிப்புகளில் இது பிடிபடாது.

"சீனா ஏன் போயும் போயும் சோயாபீன்ஸ்ல கை வச்சுது?"

வலிக்கிற இடம் அது. அமெரிக்கா வெளிநாட்டுக்கு விற்கும் சோயாவில் பாதிக்கு மேல் சீனாதான் வாங்கிக்கொண்டிருந்தது, 2017-இல் சுமார் 1,200 கோடி டாலருக்கு. அடுத்த வருடம் அது ஏறக்குறைய 300 கோடிக்கு இறங்கியது. சோயா விளையும் அயோவா, இந்தியானா, மிசௌரி, வடக்கு டகோட்டா எல்லாம் டிரம்புக்கு ஓட்டுப் போட்ட மாநிலங்கள். பிரேசில் பக்கத்தில் தயாராக நின்றது. சீனாவுக்குப் பன்றித் தீவனம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

அந்த ஜூலை 6 அன்று நடந்ததைத் துறைமுகத்துக்காரன் என்ற முறையில் என்னால் மறக்க முடியாது. பீக் பெகாசஸ் என்ற கப்பல் 70,000 டன் சோயாவோடு சியாட்டிலிலிருந்து கிளம்பி, சோயா மீது சீனா போட்ட பதிலடி வரி அமலுக்கு வருவதற்குள் சீனாவின் டேலியான் துறைமுகத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. சீன சமூக வலைத்தளத்தில் லட்சக்கணக்கானவர்கள் அதைக் கிரிக்கெட் ரன் அவுட் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். "ஓடு, ஓடு!" என்று கப்பலுக்கே உற்சாகம். சில மணி நேரத்தில் கோட்டைவிட்டது. இறக்கினால் 25 சதவீதம் கட்ட வேண்டும், திரும்பினால் வாங்க ஆள் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே வட்டமடித்துவிட்டு ஆகஸ்டில்தான் சரக்கை இறக்கியது. ஒரு நாள் டெமரேஜுக்கே, அதாவது தாமதக் கட்டணத்துக்கே, எங்கள் பார்ட்டிகள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கப்பலில் காசு போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

"அங்க விவசாயிக்கு நிஜமாவே அடி விழுந்ததா, இல்ல டிவி பில்டப்பா?"

விழுந்தது. 2018 வசந்த காலத்தில் ஒரு புஷல் சோயா, அதாவது 27 கிலோ, பத்து டாலருக்கு மேல் போனது. ஜூலை நடுவில் எட்டரை டாலருக்கு வந்துவிட்டது. வடக்கு டகோட்டாவுக்கு அடி இன்னும் பலம். அங்கே விளைகிற சோயா ரயிலேறி மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து சீனாவுக்குப் போகும். சீனா வாங்காவிட்டால் அந்த ரயிலுக்கே வேலை இல்லை. அறுவடையைக் களஞ்சியத்தில் கொட்டி விலைக்காகக் காத்திருந்தார்கள். 2019 மார்ச்சில் மிசௌரி ஆறு கரையுடைத்தபோது தென்மேற்கு அயோவாவில் அப்படிச் சேர்த்துவைத்த தானியம் நனைந்து ஊதி, இரும்புக் களஞ்சியங்களே பக்கவாட்டில் பிளந்தன. வயலில் நின்ற பயிருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. களஞ்சியத்தில் இருந்ததற்கு அப்போது அரசு ஈடு எதுவும் இல்லை.

அரசு நிவாரணம் கொடுத்தது. 2018 ஜூலையில் 1,200 கோடி டாலர், 2019 மே மாதம் இன்னும் 1,600 கோடி. முதல் தவணையில் யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். சோயாவுக்கு புஷலுக்கு 1.65 டாலர். மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். ஆயிரம் ஏக்கரில் சோயா போட்டவருக்கு, ஏக்கருக்கு ஐம்பது புஷல் என்று வைத்தால், 82,500 டாலர். அதே ஆயிரம் ஏக்கரில் மக்காச்சோளம் போட்ட பக்கத்து வயல்காரருக்கு, ஏக்கருக்கு 170 புஷல் கண்டாலும், 1,700 டாலர். இது வரிச் சண்டையா, வரப்புச் சண்டையா என்று கேட்கத் தோன்றும்.

2019 ஆகஸ்டில் மினசோட்டாவில் ஒரு விவசாயக் கண்காட்சியில் வேளாண் அமைச்சர் சன்னி பெர்டூ ஒரு ஜோக் அடித்தார். நிலவறையில் இரண்டு விவசாயிகள் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு, ஆங்கிலத்தில் முனகலைக் குறிக்கும் சொல்லும் மதுவைக் குறிக்கும் 'வைன்' என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து, மதுக் கிடங்கை 'முனகல் கிடங்கு' ஆக்கினார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள், அப்புறம் கூச்சல் எழுந்தது. அந்த வருடம் 595 பண்ணைகள் திவால் மனு போட்டிருந்தன.

"இவ்வளவு நஷ்டப்பட்டும் 2020-ல அவருக்கே ஓட்டு போட்டாங்களே மாமா, அவ்வளவு முட்டாளா அவங்க?"

என் அக்கா பேத்தி கேட்டது. அதிகம் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான். முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. 2019-இல் அயோவா, இல்லினாய்ஸ், மினசோட்டா விவசாயிகளிடம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டபோது, சுமையை நாங்கள்தான் சுமக்கிறோம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அதே விவசாயிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வரியை ஆதரிக்கவும் செய்தார்கள். கணக்குத் தெரியாமல் சொன்ன பதில் இல்லை அது.

முதல் விஷயம், சீனா மேல் அவர்களுக்கே சொந்தக் கோபம் இருந்தது. 2011-இல் அயோவாவில் ஒரு விதைக் கம்பெனியின் சோதனை வயலில் சீனக் கம்பெனி ஆள் ஒருவர் மண்டியிட்டு, விதைத்த மக்காச்சோளத்தைத் தோண்டிக்கொண்டிருந்ததை வயல் மேலாளர் பார்த்துவிட்டார். வழக்கு நடந்து 2016-இல் மூன்று வருடச் சிறை. தொழில்நுட்பத் திருட்டு என்பது நமக்குப் பேப்பர் செய்தி. அயோவாக்காரருக்கு அது அடுத்த ஊர் வயலில் நடந்தது. பிறகு, மேலே சொன்ன நிவாரணப் பணம். "எங்களுக்குச் சந்தை வேண்டும், மானியம் வேண்டாம்" என்று வாயால் சொன்னாலும் செக் வந்தது, பாங்கியில் போட்டார்கள். நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டேவிட் ஆட்டர், ஆன் பெக், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் நால்வரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட விசித்திரம். வரிப் பாதுகாப்பு கிடைத்த தொழில்கள் இருக்கும் ஊர்களில் வேலை கூடவில்லை. சீனாவின் பதிலடியால் விவசாய வேலை குறைந்தது. நிவாரணம் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. இருந்தும் பாதுகாப்பு கிடைத்த ஊர்களில் 2020-இல் டிரம்புக்கு ஓட்டு கூடியது. ஆலை திறக்காவிட்டாலும் பரவாயில்லை, நம்மை நினைத்து ஒருவன் சண்டைக்குப் போனான் என்பதற்குத்தான் அந்த ஓட்டு என்று நான் படிக்கிறேன். நம் ஊரிலும், பஞ்சாயத்தில் தோற்றாலும் நமக்காகப் பேசியவரை மறக்க மாட்டோம் இல்லையா?

"அப்ப 2018 இடைத்தேர்தல்ல அவர் கட்சி ஏன் தோத்துச்சு?"

அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் அதை 'இடைக்காலத் தேர்தல்' என்று சொல்ல வேண்டும், இடைத்தேர்தல் வேறு. அந்த நவம்பரில் கீழவையில் குடியரசுக் கட்சி 40 இடங்களை இழந்தது. எமிலி பிளாஞ்சார்ட், சாட் பவுன், டேவின் சோர் ஆகியோரின் ஆய்வு, அதில் ஐந்து இடங்கள் அளவுக்கு வரிச் சண்டையின் கைங்கரியம் என்று மதிப்பிட்டது. பதிலடி பலமாக விழுந்த மாவட்டங்களில் அந்தக் கட்சிக்கு ஓட்டு சரிந்தது. அயோவாவிலேயே இரண்டு தொகுதிகள் கை மாறின.

ஆனால் வடக்கு டகோட்டாவைப் பாருங்கள். செனட்டர் ஹைடி ஹைட்கேம்ப், சோயா விலைச் சரிவையே பெரிய பிரச்சாரமாக வைத்து ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றார். ரயில் நின்றுபோன மாநிலம் என்று மேலே சொன்னேனே, அங்கேயே தோற்றார். முந்தைய பதிலோடு சேர்த்துப் படித்தால் இது ஆச்சரியமாக இருக்காது.

"சிட்டில இருக்கறவங்களுக்கு விலை ஏறுனது தெரிஞ்சுதா?"

முதலில் அவ்வளவாகத் தெரியவில்லை, தெரியாதபடிதான் பட்டியலும் போடப்பட்டது. முதல் பட்டியல்களில் இயந்திரங்கள், உதிரிபாகங்கள், ரசாயனங்கள். கடையில் நேராக வாங்குகிற பொருள் குறைவு. 2019-இல் செருப்பு, துணி, பொம்மை, போன் என்று வந்ததும் சத்தம் எழுந்தது. நைக்கி, அடிடாஸ் உட்பட 173 காலணிக் கம்பெனிகள் சேர்ந்து டிரம்புக்குக் கடிதம் எழுதின. சீனாவில் அச்சாகும் பைபிளுக்கும் வரி வரும் என்று தெரிந்ததும் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் பதறின. ஆகஸ்டில் பைபிளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

போன், லேப்டாப் மீதான வரியை டிசம்பர் 15-க்குத் தள்ளிவைத்தபோது, கிறிஸ்துமஸ் வியாபாரத்தைப் பாதித்துவிடக் கூடாது என்பதற்காக என்று டிரம்பே சொன்னார். வரியைக் கட்டுவது சீனா என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அன்று அவரே பாதி ஒத்துக்கொண்டார்! அந்த டிசம்பர் வரி கடைசிவரை வரவில்லை.

"சீனாவுல ஜனங்க என்ன சொன்னாங்க? அங்க வாயைத் திறக்க முடியுமா?"

திறக்கலாம், எந்தப் பக்கம் திறப்பது என்பதில்தான் கட்டுப்பாடு. கப்பலுக்குக் கைதட்டியது தானாக எழுந்தது. 2019 மே மாதம் பேச்சுவார்த்தை முறிந்ததும் அரசுத் தொலைக்காட்சியின் திரைப்பட அலைவரிசை, போட்டிருந்த நிகழ்ச்சிகளை மாற்றிக் கொரியப் போர்க்காலப் படங்களாக ஓட்டியது. அது தானாக எழுந்தது இல்லை. 2018 டிசம்பரில் கனடாவின் வான்கூவரில் சீன போன் கம்பெனியான ஹுவாவேயின் நிதி அதிகாரி மெங் வான்ஜோ கைதான பிறகு, ஐபோனை விட்டு ஹுவாவே வாங்குவதே தேசபக்தி என்ற பேச்சு பரவியது. சில கம்பெனிகள் ஊழியர்களுக்கு அதற்கு மானியமும் கொடுத்தன.

சீனாவும் அமெரிக்க ஜனங்களின் மனதைப் பிடிக்கப் பார்த்தது. 2018 செப்டம்பரில் அயோவாவின் முக்கிய நாளிதழில் சீன அரசு நாளேடு காசு கொடுத்து நான்கு பக்க இணைப்பு போட்டது. ஷி ஜின்பிங் 1985-இல் இளம் அதிகாரியாக அயோவாவில் மஸ்கட்டீன் என்ற சிற்றூருக்கு வந்திருந்ததெல்லாம் அதில் நினைவூட்டப்பட்டது. டிரம்ப் பொங்கி எழுந்தார். விவசாயிகள் மனம் மாறியதாகத் தெரியவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது இப்படிச் செஞ்சிருக்காங்களா?"

முன்னாள் அதிபர் கார்ட்டர். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததற்குத் தண்டனையாக, 1980 ஜனவரி 4 அன்று சோவியத்துக்குப் போகவிருந்த 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்தினார். உடனே ஆதரவு. அதே மாதம் அயோவாவில் நடந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில், தடையை எதிர்த்த எட்வர்ட் கென்னடியை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தார். மாதங்கள் போகப்போக, அர்ஜென்டினா சோவியத்துக்கு விற்றுக் காசு பார்த்தது, அமெரிக்க விவசாயிக்குச் சலிப்பு தட்டியது. தடையை எடுப்பேன் என்ற ரீகன் நவம்பரில் ஜெயித்தார், 1981 ஏப்ரலில் எடுத்தார். எண்பதுகளின் பண்ணை நெருக்கடிக்குக் கடன் வட்டிதான் பெரிய காரணம். ஆனாலும் வயதான விவசாயிகளைக் கேட்டால் கார்ட்டர் பெயரைத்தான் சொல்வார்கள். கார்ட்டருக்குக் கிடைக்காதது டிரம்புக்கு ஏன் கிடைத்தது? கார்ட்டர் தண்டித்தது ஆப்கானிஸ்தானுக்காக. டிரம்ப் 'உங்களுக்காக' என்றார்.

"கடைசியில ஜெயிச்சது யாரு?"

2020 ஜனவரி 15-இல் முதல்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017 அளவைவிட இரண்டு வருடத்தில் 20,000 கோடி டாலருக்குக் கூடுதலாக வாங்குவோம் என்றது சீனா. கொரோனாவும் வந்தது. அந்தக் கூடுதலில் எதையும் வாங்கவில்லை என்பது சாட் பவுனின் கணக்கு. சீனாவுடனான வணிகப் பற்றாக்குறை குறைந்தது, வியட்நாமுடனும் மெக்ஸிகோவுடனும் கூடியது.

"பைடன் வந்ததும் எடுத்திருக்கலாமே?"

எடுத்தால் 'சீனாவுக்குப் பணிந்தவர்' என்று பேர் வரும். எடுக்கவில்லை. 2024-இல் சீன மின்சாரக் கார் மீதான வரியை 100 சதவீதம் ஆக்கினார். ஷூமர் ட்வீட் நினைவிருக்கிறதல்லவா?

"நமக்கு லாபம்தானே அண்ணே? கம்பெனியெல்லாம் இங்க வந்துச்சே?"

முதல் சுற்றில் பெரிய பங்கு வியட்நாமுக்குப் போனது. நமக்கும் கொஞ்சம் வந்தது. 2020-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் 11 தயாராகத் தொடங்கியதற்கு, சீனாவையே நம்பியிருக்கக் கூடாது என்ற பயமும் ஒரு காரணம். ஆனால் 2025 ஆகஸ்டில் அதே டிரம்ப் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் போட்டபோது, முதல் கேள்விக்கான பதிலைத் திருப்பூர்க்காரர்கள் வேறு விதமாகக் கற்றுக்கொண்டார்கள். வரி கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான், ஆனால் ஆர்டரை நிறுத்துவதும் அவர்தான்.

"2025-லயும் அதே கதைதானா?"

வேகம் கூடிய அதே கதை. ஏப்ரலில் சீனா மீது 145 சதவீதம் வரை போய், மே மாதம் ஜெனிவாவில் 30-க்கு இறக்கினார்கள். அறுவடைக் காலத்தில் சீனா அமெரிக்கச் சோயாவைத் தொடவே இல்லை. அக்டோபர் 30-இல் கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷியும் சந்தித்த பிறகு மறுபடி வாங்கச் சம்மதித்தது. டிசம்பரில் விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவித்தார்கள். தொகை 1,200 கோடி டாலர், 2018 ஜூலையில் அறிவித்த அதே எண்.